மூடியோடு பிறந்த மஞ்சள் டப்பா

கதிர்,

உன் அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. புதுப் பெண்டாட்டியோடு புனேவுக்கு ரயிலேறியவன் நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்? நாங்களும் இங்கே திருமுல்லைவாயிலில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். உன் அப்பா கல்யாண வேட்டியைத் துவைக்கப் போடாமல் மடித்து வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் சந்தனக் கறையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். பால்காரர் பார்த்துவிட்டார், சிலிண்டர் போடுகிறவர் பார்த்துவிட்டார். இன்று காலை குப்பை வண்டி ஓட்டி வரும் அம்மாவையும் நிறுத்தி வைத்துக் காட்டினார். எனக்கும் அந்தக் கறையைப் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

கடிதம் எதற்கு, போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சரி போடுகிறாய். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். நிவேதாதான் போட்டுக் கொடுத்தாள். அப்படி ஓடும்போது என் குரல் எலி கத்துகிற மாதிரி இருக்கிறதாமே? சிரித்துக்கொள்ளுங்கள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து வரி வரியாகத்தான் படித்தாக வேண்டும். வரவேற்பு அன்று மேடையில் மைக்கைப் பிடித்து நீ ஒரு வார்த்தை சொன்னாய் அல்லவா, "இன்னைக்கு உங்க எல்லார் கையிலயும் ஒரு மஞ்சள் டப்பா வரும், அது எங்கப்பா அம்மா கையால செஞ்சது" என்று? மண்டபமே கைதட்டியது. நான் அழுதேன். உன் அப்பா புதுத் துண்டில் மூக்கைச் சிந்தினார். அந்த வார்த்தையில் ஒரு ஆள் விட்டுப் போயிற்று, கதிர். அதைச் சேர்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்தே வருகிறேன், பொறுமையாகப் படி. வானகரத்தில் நிவேதா வீட்டுக்கு நாம் முதல்முதலாகப் பெண் பார்க்கப் போன நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்பே பார்த்து முடித்திருந்தீர்கள், நாங்கள்தான் சும்மா பஜ்ஜி சாப்பிடப் போனோம். லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு, கால் வைக்கவே கூசும் தரை. நிவேதாவின் அம்மா முறுக்கை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அது என் கையின் பழக்கம், என்னைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. முக்கோணத்துக்குள் ஐந்து என்று போட்டிருந்தால் அது பிபி பிளாஸ்டிக், நம் மெஷினில் அடிக்கிற, நம் வீட்டுப் பொருள். அந்த ஐந்தைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். நீ என் காலை மிதித்தாய். நிவேதா மட்டும் குனிந்து, "அஞ்சா, அத்தை?" என்று மெல்லக் கேட்டாள். நீ என்னைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பெண்தான் என் மருமகள் என்று நான் முடிவு செய்ததும் அந்த நொடியில்தான்.

ஆனால் அவள் அம்மா முகம் சுருங்கிவிட்டது. விருந்துக்கு வந்தவள் கிண்ணத்தைக் கவிழ்த்து விலை பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். "இன்னுங் கொஞ்சம் காப்பி வேணுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காப்பி ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசும்போதெல்லாம் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' கூடுதலாக விழ ஆரம்பித்தது. கூடக் கூட அவர் தூரமாகப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அப்புறம்தான் நீ புனேவிலிருந்து போன் செய்து உன் ஆசையைச் சொன்னாய். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம், நம் மெஷினில் அடித்த டப்பாதான் கொடுக்க வேண்டும் என்றாய். கல்லூரியில் படிக்கும்போது என்னோடு போட்ட சண்டையை நினைத்துப் பார். கால்வாயில் அடைத்துக்கொண்டு கிடப்பதும் நாம் செய்ததுதானே அம்மா என்று கேட்டாய். எனக்கு அன்று கோபம் வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நீ விடவில்லை, பின்னாலேயே வந்து, "தூக்கிப் போடாத பொருளா செய்யுங்கம்மா, அவ்வளவுதான் சொல்றேன்" என்றாய். அது நியாயமான பேச்சு. அதனால்தான் இந்த டப்பாவுக்கும் நீ ஒரு நிபந்தனை வைத்தாய். தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சமையலறையிலும் மூடி தொலைந்த டப்பா ஒரு கூடை கிடக்கும். நம் டப்பாவின் மூடி தொலையவே கூடாது, டப்பாவும் மூடியும் ஒரே துண்டாகப் பிறக்க வேண்டும், கடுகோ மிளகோ போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றாய். "எங்கப்பா அம்மா செஞ்சதுன்னு நான் சொல்லணும்மா" என்றாய். நான் உடனே போனை வைத்துவிட்டேன் அல்லவா? சிக்னல் போகவில்லை. அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷன் கால் தரையில் பாவவில்லை. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்து, தொழிற்பேட்டையில் வேலை கேட்டு கேட் கேட்டாக ஏறி இறங்கி, கடைசியில் மண்ணூர்பேட்டையில் வாடகைக் கொட்டகையில் சொந்தமாக இரண்டு மெஷின் போட்ட ஆள். இத்தனை வருஷமாகக் குவளை அடித்தோம், சோப்பு டப்பா அடித்தோம், பேட்டரிக்கு மூடி அடித்தோம், பக்கெட்டுக்குக் கைப்பிடி அடித்தோம். எல்லாம் வேறு யாரோ பெயர் போட்டு விற்கிற சாமான். நம் பெயரைச் சொல்லி ஒரு பொருள் வெளியே போனதில்லை. "நம்ம புள்ள சொல்லிட்டான்ல, அட்ச்சிருவோம்மே" என்று அன்றைக்கே டை, அதாவது அச்சு, செய்கிறவரிடம் ஓடினார். டப்பா என்ன கலர் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை. அவருக்குக் கிளிப் பச்சை, எனக்கு மாம்பழ மஞ்சள். யார் ஜெயித்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நிவேதாவும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். பாலிபுரொப்பிலீன் என்ற அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது, நாங்கள் பிபி என்போம். பச்சரிசி மாதிரிக் குருணையாக மூட்டையில் வரும். அந்த மூட்டையும் பிபி இழையில் நெய்ததுதான். சூட்டில் உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, ஆறவிட்டுத் திறந்தால் பொருள். எடை இருக்காது, தண்ணீரில் மிதக்கும், கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊற்றினாலும் நெளியாது. லாரியில் சரக்கைக் கட்டுகிற கயிறு, காருக்கு முன்னால் இருக்கும் பம்பர், ஆஸ்பத்திரி ஊசிக் குழல், கொரோனாவில் நாம் மூக்கில் கட்டிக்கொண்ட துணி, மண்டபத்து நாற்காலி, வாசலில் விரித்த சிவப்புக் கம்பளம் எல்லாம் இதுதான். வரவேற்பு அன்று உன் அப்பா பட்டு வேட்டியோடு மண்டபம் முழுக்கச் சுற்றி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, "இத்துவும் நம்ம ஆளுதான்" என்று உன் மாமனாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். உன் மாமனார் வங்கியில் வேலை பார்த்தவர், பொறுமைசாலி. நாற்காலிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். டப்பாவும் மூடியும் பக்கத்தில் பக்கத்தில் பிறக்கும், நடுவில் ஒரு மெல்லிய பட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தப் பட்டைதான் கீல். தனியாக ஆணி கிடையாது, கம்பி கிடையாது. அச்சு வந்தது, மெஷினில் ஏற்றினோம், முதல் டப்பா மஞ்சளாகப் பளபளவென்று விழுந்தது. நம் மல்லிகா, உனக்குத்தான் தெரியுமே, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் குருவி மாதிரிக் கத்திக்கொண்டே வேலை செய்வாள், அவள் குலவையே போட்டுவிட்டாள். குவளையை எப்படிச் செய்வோமோ அப்படியே, விழுந்த டப்பாக்களைச் சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் தள்ளினோம். மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்து, மல்லிகா ஒரு மூடியை மடித்தாள். பட்டையில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. திறந்தாள். மூடி ஒரு கையிலும் டப்பா ஒரு கையிலும் வந்தது. "ஐயோ, இன்னாம்மா இது, ஒட்ஞ்சிபூட்ச்சே!" என்றாள். அடுத்ததை எடுத்தோம், அதுவும் போயிற்று. சில டப்பா நாலைந்து தடவை தாங்கி நம்பிக்கை கொடுத்துவிட்டு உடைந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

யார் மேல் பழி போடுவது? உன் அப்பா டை செய்தவரைத் திட்டினார். அவர் கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டு, அச்சு ராஜா மாதிரி இருக்கிறது, மால்தான், அந்தப் பிபி குருணைதான், சரியில்லை என்றார். மல்லிகா மஞ்சள் கலர்ப் பொடியில்தான் ஏதோ கோளாறு என்றாள், பச்சை என்றால் உடைந்திருக்காதாம். உன் அப்பா அவளுக்கு அன்று டீயோடு பன்னும் வாங்கிக் கொடுத்தார். நான் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் பழைய வழக்கப்படி, அரைத்த மாலைப் புது மாலோடு கலந்திருந்தார். உடைந்த டப்பா, ஓரத்துத் துண்டு எல்லாவற்றையும் அரைத்து மறுபடி கலப்பது தப்பில்லை, கொஞ்சம் கலந்தால் தாங்கும். கலந்ததையே திரும்பத் திரும்பக் கலந்தால் பொருள் வெடவெடவென்று ஆகிவிடும். அன்றைக்குப் புது மாலை மட்டும் போட்டு அடித்தோம். மறுநாள் அதுவும் உடைந்தது. நான் சத்தம் போட்டதெல்லாம் வீண். கல்யாணமோ நெருங்கிக்கொண்டு வந்தது.

இந்த நேரம் பார்த்துதான் நிவேதாவின் அம்மா மண்ணூர்பேட்டைக்கே வந்துவிட்டார். ஆட்டோவில் இறங்கி, கொட்டகை வாசலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். மெஷின் சத்தம், சூடு, உடைந்த மஞ்சள் மூடிகள் ஒரு குவியல். நல்ல வரவேற்பு! நான் அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்து மெஷினுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேராகப் போட்டேன். உட்கார்ந்தார். "சம்பந்திக்கு ஒண்ணு காட்டும்மே" என்று உன் அப்பா சொன்னதும், மல்லிகா அப்போதுதான் அச்சிலிருந்து விழுந்த ஒரு டப்பாவைத் துணியில் ஏந்தி, "சூடா கீதும்மா, பாத்து புடிங்க" என்று அவர் கையில் வைத்தாள். அவர் அதை முந்தானையில் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தார்.

"நான் தப்பா சொல்றேன்னு நினைக்கக் கூடாதுங்க. கல்யாணத்துல போயி பிளாஸ்டிக் டப்பா குடுத்தா எங்க பக்கத்துச் சனம் என்னங்க சொல்லும்? எங்க அண்ணன் ஊட்ல பித்தளைக் குங்குமச் சிமிழு குடுத்தாங்க, இன்னைக்கும் பேசறாங்க. சரி, மாப்பிள்ளை ஆசைப்படறாரு, இருக்கட்டுமுங்க. ஆனா அங்க பாருங்க, மூடியெல்லாம் உடைஞ்சு தனியாக் கெடக்குதுங்களே? எடுத்துட்டுப் போறவங்க பஸ் ஏறதுக்குள்ள உடைஞ்சு போனா, ரெண்டு குடும்பத்துக்குந்தானுங்களே அசிங்கம்?" அவர் சொன்ன ஒவ்வொரு 'ங்க'வும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லாம் நியாயம் என்பதால் இன்னும் தைத்தது. கடைசியில், "உடையாத டப்பா ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் வாயே திறக்கலீங்க. இல்லீனா வெள்ளிக்கிழமை நான் பித்தளைக்குச் சொல்லிடறேனுங்க" என்று எழுந்தார். எங்கள் லட்சணத்தை உன் மாமனாரிடம் காட்ட வேண்டும் என்று கையிலிருந்த அந்த டப்பாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று உன்னிடமிருந்து போன் வந்தது. "டப்பா எப்படிம்மா வருது?" என்று கேட்டாய். "தங்கம் மாதிரி வருதுடா" என்றேன். பொய்தான், அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. போனில் உன் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டுவிட்டு எந்த அம்மா உண்மை சொல்வாள்? ஆனால் போனை வைத்த பிறகு, உன் ஆசை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உன் அப்பாவைப் பார்க்க இன்னொரு பக்கம் பாவமாக இருந்தது. தன் பெயரில் வெளியே போகும் முதல் பொருளை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல.

வியாழக்கிழமை மத்தியானம். நாங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஆட்டோ. பார்த்தால் நிவேதாவின் அம்மாவேதான். சரி, பித்தளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் டப்பாவை எடுத்தார். "ஏனுங்க சம்பந்தி, இது மட்டும் ஏனுங்க உடையல? அன்னைக்கிருந்து நானும் உடைச்சுப் பாக்கறேனுங்க. திறக்கறேன், மூடறேன், டிவி பாக்கறப்பல்லாம் இதேதானுங்க வேலை. எங்க ஊட்டுக்காரரு என்னைய முறைக்கறாரு. உடையவே மாட்டேங்குதுங்க!" என்றார். அவர் முகத்தில் கோபமே வந்திருந்தது, டப்பா மேல்.

கதிர், இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு யோசித்துப் பார். அவருக்கு அந்த டப்பா உடைய வேண்டும். உடைந்தால் அவர் சொன்னது ஜெயிக்கும், பித்தளை வரும், அவர் ஊரில் தலை நிமிரும். உடையாத டப்பாவைப் பேசாமல் அலமாரியில் போட்டு மூடியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அவர் என்ன செய்தார்? வெயிலில் ஆட்டோ பிடித்து அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தனக்கு எதிரான சாட்சியைத் தானே கொண்டுவந்து கொடுத்தவரை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கை சோற்றுக் கையாக இருந்ததால் தப்பினார்.

உன் அப்பா அந்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதே அச்சு, அதே மால், அதே மஞ்சள். "நீங்க இதை இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே, பேசிட்டு இருந்தேன்" என்றார் அவர். மல்லிகாதான் சிரித்துவிட்டாள். "பேசிகினு கெட்ந்தீங்க, கரெக்ட்டு. கை சும்மாவா இருந்துச்சு? தொற, மூடு, தொற, மூடுன்னு ஒரே ஆட்டம். நான் பாத்துகினேதான் இருந்தேன்" என்றாள். உன் அப்பா மல்லிகாவைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். டப்பா விழுந்ததும் தொட்டியில் தள்ளாமல், சூட்டோடு சூடாகக் கையிலெடுத்து ஐந்தாறு தடவை மடித்து மடித்துத் திறந்தார். ஆறியதும் என்னிடம் கொடுத்தார். நான் முறுக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், மல்லிகா பல்லால்கூடக் கடித்துப் பார்த்தாள். பட்டை தோல் மாதிரி வளைந்து கொடுத்ததே தவிர உடையவில்லை. சூடாக இருக்கும்போது ஒருமுறை மடங்கக் கற்றுக்கொண்டால் அப்புறம் காலத்துக்கும் மடங்குமாம். ஆறவிட்டு முதல்முறையாக மடித்தால் உடைந்துவிடுமாம். இது பெரிய கம்பெனிகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று டை செய்தவர் பிறகு சாவகாசமாகச் சொன்னார். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன், மருமகள் படிக்கிற கடிதம். குவளையும் பக்கெட் கைப்பிடியும் மடங்குகிற சாமான் இல்லை, எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இப்போது புதுச் சிக்கல். ஒவ்வொரு டப்பாவையும் விழுந்த உடனே ஒருவர் கையில் எடுத்து மடிக்க வேண்டும். மல்லிகா மெஷினைப் பார்ப்பாளா, மடிப்பாளா? நானும் உன் அப்பாவும் பத்திரிகை வைக்க ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருந்தது. உன் அப்பா யோசித்துக்கொண்டு நிற்கும்போதே நிவேதாவின் அம்மா வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். அன்று அவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கையுறை இருந்தா ஒண்ணு குடுங்க" என்றார். நான் பதறிப்போய் வேண்டாம் சம்பந்தி, வேறு ஆள் போடுகிறோம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், முதல் டப்பாவை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்: "பித்தளை, பிளாஸ்டிக்கு எல்லாம் சும்மாங்க. ஒரே பொண்ணு, அவ்வளவு தூரம் போறா. சமையலுக்கு ஆளு சொல்லியாச்சு, பூவுக்கு ஆளு சொல்லியாச்சு, சேலைகூட அவளே போன்ல பாத்து எடுத்துக்கிட்டா. எம் பொண்ணு கல்யாணத்துல எங் கைபட்டதுன்னு ஒண்ணாச்சும் வேணுமுங்க."

நான் மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்காத மாதிரி நின்றேன். ஆனால் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. என் கைபட்டது என்று சொல்ல எனக்கு இந்த டப்பா இருந்தது, அவருக்கு ஒன்றுமே இல்லை என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகை வைக்க உன் அப்பா தனியாகப் போனார்.

அதற்கப்புறம் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வரை தினமும் காலையில் வந்துவிடுவார். உன் மாமனார் கொண்டுவந்து விட்டுவிட்டு வங்கிக்காரர் பாணியில், "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது, எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவார். மல்லிகா அவருக்கு "இன்னாத்த சொல்ல" கற்றுக்கொடுத்தாள், அவர் மல்லிகாவுக்கு "ஏனுங்கோவ்" கற்றுக்கொடுத்தார். நடுவில் ஒரு நாள், முறுக்குக் கிண்ணத்தை ஏன் கவிழ்த்தேன் என்று நானே சொல்லிவிட்டேன். மடித்துக்கொண்டிருந்த டப்பாவைக் கவிழ்த்து அடியில் அச்சிட்டிருந்த ஐந்தைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் உன் அப்பா மெஷினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார். அந்தக் கணத்திலிருந்து 'ங்க' குறைய ஆரம்பித்தது. இப்போது என்னை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுகிறார். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா?

புத்தி சொல்லாமல் எந்த அம்மா கடிதத்தை முடிப்பாள்? நீயும் நிவேதாவும் சண்டை போடுவீர்கள். போடுங்கள், பேசாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சூடு ஆறுவதற்குள் ஒருவர் மடங்கிவிடுங்கள். நாலு நாள் ஆறப்போட்டுவிட்டு அப்புறம் மடக்கினால் வெள்ளைக் கோடு விழும். பழைய சண்டையை அரைத்துப் புதுச் சண்டையில் கலக்காதே, உன் அப்பாவுக்குச் சொன்னதையேதான் உனக்கும் சொல்கிறேன். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நீ சமைத்ததையும் அவள் சாப்பிடும்படி செய். வீட்டுக்கு வருகிறவர்களின் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்காதே. அல்லது பார், உன் இஷ்டம், எனக்கு அதனால் நல்லதுதான் நடந்தது.

மேடையில் நீ பேசியபோது நிவேதாவின் அம்மா எங்கே நின்றார் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். வாசல் பக்கத்தில், டப்பா அடுக்கிய மேசைக்குப் பின்னால் நின்றார். "எங்கப்பா அம்மா கையால செஞ்சது" என்று நீ சொன்னதும் மண்டபத்தில் முதலில் கைதட்டியது அவர்தான். நான் கூட்டத்தில் இடித்துக்கொண்டு அவரிடம் போய், இருங்கள் சம்பந்தி, நான் போய் அவனைத் திருத்திச் சொல்லச் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "இருக்கட்டும் புள்ள, பையன் சந்தோசமாச் சொல்றான், உடு" என்றார். அப்புறம் போகிற ஒவ்வொருவருக்கும் டப்பாவைத் தானே திறந்து, மூடி, திறந்து, மூடிக் காட்டித்தான் கையில் கொடுத்தார். அவருடைய அண்ணன் வீட்டுக்காரர்கள் இரண்டு இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதை அவரே உன்னிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்லிவிட்டேன்.

உங்களை ரயிலேற்றிவிட்ட மறுநாள் நான் கதவைத் திறக்கப் போகும்போது கொட்டகை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வேலை ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டில் நிவேதாவின் அறைக் கதவு திறந்தே கிடக்கிறதாம், அந்தப் பக்கம் போக முடியவில்லையாம். நான் நாற்காலியைப் போட்டேன். உன் அப்பா மெஷினைப் போட்டார். மீதமிருந்த மஞ்சளையும் போட்டு அடித்துவிட்டோம்.

இந்தப் பொட்டலத்தில் கடிதத்தோடு ஒரு டப்பா இருக்கும். அவர் உடைக்கப் பார்த்து உடைக்க முடியாத அதே டப்பா. கடுகு போட்டு அனுப்பியிருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தாளிக்கும்போதெல்லாம் கை படட்டும். இன்று சாயங்காலம் போன் செய், எனக்கு வேண்டாம், உன் அத்தைக்கு, நிவேதாவின் அம்மாவுக்கு. மேடையில் சொன்ன அதே வார்த்தையை முழுசாகச் சொல்லு: எங்கப்பா, எங்கம்மா, எங்கத்தை, மூணு பேரும் கையால செஞ்சது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா